இடுப்பில் கட்டிய வெள்ளி

சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குப் பேர் வைத்தாலும் நான் வெள்ளிச் சாமான் வாங்கிக்கொண்டு போவதில்லை. கொலுசு, காப்பு, கிலுகிலுப்பை எதுவும் கிடையாது. முப்பது முட்டை அடுக்கிய அட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், பிள்ளை பெற்றவளின் கையில் கொடுத்து, "இது உனக்குக் கண்ணு, வேற யாருக்கும் குடுத்துப்போடாத" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் என்று எனக்குப் பேர். சிரிக்கட்டும். உங்களுக்கும் என் வயதுதானே, நீங்களும் பால்வாடி உருண்டை தின்று வளர்ந்தவர்கள்தானே. உங்களிடம் காரணத்தைச் சொன்னால் என்ன?

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தால் வரும். நடுவில் ஓர் ஓடை. வருஷத்தில் நாலைந்து நாள் அதில் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். இருபது, முப்பது வீடுகள், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலாமரங்கள். இத்தனைக்கும் நடுவே கூரைத் தகடு போட்ட ஒரு தறிக்குடோன். தறி ஓடும்போது ஊரில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். இன்றைக்கும் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அந்தக் குரல் அங்கே வந்ததுதான்.

அம்மா அந்தக் குடோனில் தறி ஓட்டினாள். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அன்று சாயங்காலமே போய்விடுவார். வரும்போது ஒரு பையில் பனியன் வேஸ்ட் துணியும், இன்னொரு பையில் வர்க்கி ரொட்டியும் இருக்கும். அந்தத் துணிகளில் சலவைப் பட்டறையின் காரவாசம் மூக்கைத் துளைக்கும். நாலைந்து தரம் துவைத்தும் போகாது. அதில்தான் தம்பியைச் சுற்றி வைத்திருந்தோம். வர்க்கியைப் பால் விடாத வரக்காப்பியில் ஊறவைத்து அவனுக்கு ஊட்டினோம். ஊரில் எல்லார் வீட்டிலும் மாடு இருந்தது. பால்தான் யார் வீட்டிலும் இருக்காது. விடிந்ததும் அத்தனையும் சொசைட்டி கேனுக்குப் போய்விடும்.

தம்பி வயிற்றில் இருந்தபோது ஊர்ப் பெண்கள் அம்மாவுக்குச் சொன்ன புத்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நெம்பத் தின்னுபோடாத. புள்ள பெருத்துப்போனா பொறப்பு கஷ்டமாயிரும்" என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். கேட்காமல் இருந்திருந்தாலும் நிறையத் தின்ன வீட்டில் ஒன்றும் இல்லை. எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டிய களியைச் சுரண்டித் தின்பவள் அவள். அதே பெண்கள் அதே மாதத்தில் தங்கள் சினைமாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினார்கள். மாட்டுக்கென்றால் தெரிந்த நியாயம் மனுஷிக்கென்று வரும்போது தெரியவில்லையே என்று இப்போது கோபம் வருகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டுக்கல்லில் வழிந்த பருத்திப்பாலை விரலால் வழித்து நக்கியதுதான் நான் செய்த ஒரே காரியம்.

தம்பி இளைத்துத்தான் பிறந்தான். அழுதால் பூனைக்குட்டி சத்தம். அம்மா ஒரு மாதத்தில் மறுபடி தறிக்குப் போய்விட்டாள். அதன்பின் அவனுக்குத் தாய்ப்பால் கிடைத்தது பெரும்பாலும் கரண்ட் போகும் வேளைகளில்தான். சடசடவென்று இருந்த ஊர் திடீரென்று அடங்கிப்போகும். அடுத்த நிமிஷம் கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் தலையில் பஞ்சோடு தெருவில் ஓடிவருவார்கள். கரண்ட் எப்போது வருமோ, அதற்குள் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே கூட்டம் தொட்டிலில் கிடந்த கூட்டம்தான்.

தம்பிக்கு மூன்று மாதம் ஆனபோது அப்புச்சி வந்தார். அம்மாவின் அப்பா. காடு தோட்டம் உள்ள குடும்பம். அம்மா தன் இஷ்டத்துக்கு அப்பாவோடு வந்துவிட்டதால் பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. நான் பிறந்ததற்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேரன் பிறந்தான் என்றதும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மொபெட்டை வேலாமரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர் கொடுத்ததையும் வாங்கவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை நீட்டினார். தம்பியின் முகத்தைப் பார்த்து, "நம்மூட்டு மூக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். போய்விட்டார்.

பொட்டலத்தில் வெள்ளி அரணாக்கொடி, இரண்டு தண்டை, இரண்டு காப்பு. எல்லாம் பழைய காலத்துக் கெட்டி வெள்ளி. அம்மா அன்றைக்கு முழுக்க அழுதாள். அழுதுகொண்டே தம்பியின் இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றை அறுத்துவிட்டு வெள்ளிக்கொடியைக் கட்டினாள்.

அப்புச்சியோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அவர் வீட்டில் நாட்டுக்கோழி மேய்ந்தது. நிலக்கடலை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. எருமைப்பால் நெய் பானையில் இருந்தது. மூக்கைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, எதிரே வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் தெரியவில்லை. ஒரு பிடி கடலைகூட அவளுக்கென்று கொண்டுவரவில்லை.

பால்வாடி ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் நடந்தது. டீச்சர் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வருவார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், அதனால் பேச்சில் எங்கள் இழுவை இருக்காது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை எடை போடும் நாள். உத்தரத்தில் கொக்கி போட்டு வட்டமான தராசைத் தொங்கவிட்டு, அதன் கீழே துணித்தூளியில் பிள்ளையை உட்காரவைப்பார். பிள்ளைகள் அலறுகிற அலறலில் முள் நடுங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக இருக்கும். எடைக்குத் தகுந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை டீச்சர் எனக்குக் கொடுத்திருந்தார். கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி நான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு திரிந்தேன்.

தம்பியை முதல் தரம் எடை போட அம்மாதான் கொண்டுவந்தாள்.

"வெள்ளியெல்லாம் கழட்டிடும்மா" என்றார் டீச்சர்.

"கொடிய அவுக்கக் கூடாதுங்க டீச்சர். ஆகாதுங்க."

"மத்த பிள்ளைங்களுக்குக் கயிறு. அதுக்குக் கனம் கிடையாது. இது எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்கு மேல இருக்கும்மா."

"இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. எங்கப்பன் ஊட்டுல இருந்து வந்ததுங்க."

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் இடுப்பு வெறுமையாக இருப்பது பிணமான பிறகுதான். புதைக்கும் முன்தான் அரைஞாணை எடுப்பார்கள். டீச்சருக்கும் அது தெரியும். பிள்ளையை அப்படியே தூளியில் உட்காரவைத்தார். வெள்ளியோடு போட்ட எடைக்கு நான் புள்ளி வைத்தேன். மஞ்சளில், சிவப்புக்கு ஒரு நூல் மேலே விழுந்தது.

மஞ்சள் பிள்ளைக்குத் தினம் ஒரு சத்துமாவு உருண்டை, சிவப்புப் பிள்ளைக்கு இரண்டு. சிவப்பிலும் ரொம்பக் கீழே போய்விட்டால் தாயையும் பிள்ளையையும் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினைந்து நாள் வைத்திருந்து தேற்றி அனுப்புவார்கள். டீச்சர் இதை ஒருநாள் எனக்கு விளக்கினார். எனக்கு ஆஸ்பத்திரி காதில் ஏறவில்லை. இரண்டு உருண்டை மட்டும் ஏறியது.

அந்த உருண்டையின் ருசியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வறுத்த கேழ்வரகும் வெல்லமும், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நாக்கால் தோண்டத் தோண்டக் கரையும். தம்பிக்கான உருண்டையைப் பால்வாடியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் கரைத்து ஊட்டுவது என் வேலை. வழியிலேயே பாதியை நான் தின்றுவிடுவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் பசிதான். ஆனால் அவனுக்கு ஆறு மாதம், எனக்கு ஒன்பது வயது.

அடுத்த மாதம் எடை போடும் நாளில் அம்மாவால் வர முடியவில்லை. நான்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு உருண்டை என்றால் அவனுக்கு ஒன்று முழுசாக, எனக்கு ஒன்று முழுசாக. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே பால்வாடிக்குப் பின்னால் போய், கொடியின் திருகாணியைத் திருகினேன். தண்டையைக் கழற்றுவதற்குச் சிரமமே இல்லை. குதிகாலில் தட்டாமல் தானாக நழுவி வந்தது. எல்லாவற்றையும் பாவாடை முனையில் முடிந்துகொண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தூளியில் வைத்ததும் முள் அசைந்து நின்றது. டீச்சர் கிட்டே போய்ப் பார்த்தார். தராசைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னடி இது, ஒரே மாசத்துல இப்படி இறங்கிட்டான்?"

"நான் வெள்ளியக் கழட்டிப்போட்டனுங்க டீச்சர்."

டீச்சர் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் தொடைத் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "அப்ப, இவன் இவ்வளவுதானா?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. புள்ளியை வைக்கச் சொன்னார். சிவப்புப் பட்டையிலும் நன்றாகக் கீழே வைத்தேன். டீச்சர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அம்மா வாசலில் நின்றாள். மூச்சு வாங்க, ரவிக்கை நனைந்து, பால் கொடுக்க ஓடிவந்தவள், டீச்சர் மடியில் வெறும் இடுப்போடு கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

அவள் அடித்த அடியில் காதில் வெகுநேரம் தறி ஓடியது. "பொணத்துக்குத்தான்டி இடுப்புல ஒண்ணும் இருக்காது! பாவி, எம்பட புள்ளையப் பொணமாக்கிப்போட்டயேடி!" என்று கத்தினாள். எடைக்கு வந்திருந்த மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார்கள்.

"அவள அடிக்காத. பிள்ளை நிஜமா எப்படி இருக்கான்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார் டீச்சர். "நீயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. பதினஞ்சே நாள். உனக்கும் உடம்புல ரத்தம் இல்லம்மா, நாக்கப் பாரு, வெள்ளையா இருக்கு."

அம்மா காதில் வாங்கவே இல்லை. என் பாவாடை முடிச்சை அவிழ்த்து, கொடி, தண்டை, காப்பு எல்லாவற்றையும் மறுபடி பூட்டினாள்.

"இப்ப நிறுத்துப் பாருங்க டீச்சர்."

"வேண்டாம்மா."

"நிறுங்கங்கறேன். இல்லீன்னா இனிமேலு எம்புள்ளைய இங்க கொண்டாரவே மாட்டனுங்க."

கதவோரம் நின்ற பெண்கள், ஆமாங்க, எங்க பிள்ளைகளுக்கும் வேண்டாமுங்க என்று முணுமுணுத்தார்கள். டீச்சர் அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சேர்த்த பிள்ளைகள். ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளையும் விட முடியாது என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ. தம்பியைத் தூளியில் வைத்தார். எடையைச் சொன்னார். ரப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அழிச்சிட்டு மேல வை கண்ணு."

நான் அழித்தேன். அடிவாங்கின கன்னம் எரிய எரிய, அழுத்தித் தேய்த்து அழித்துவிட்டு, மஞ்சளில் ஒரு புள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு டீச்சர் சில நாள் யாருக்கும் தெரியாமல் என் கையில் இரண்டு உருண்டை வைப்பார். அதை நான் தின்னவில்லை. அது ஒன்றைத்தான் இன்றைக்கு என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அப்பா திருப்பூரில் இருந்தார். தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வந்து பார்த்த பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "தண்ணி குடுத்தா இன்னும் போகும், வகுத்தக் காயப்போடு" என்றார்கள். எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள், அவன்மேல் பாசம் உள்ளவர்கள்தான். அம்மா தண்ணீரை நிறுத்தினாள். அவன் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினான். பனியன் துணிகளைத் துவைத்துக் காயவைக்க வெயில் இல்லாமல் வீடெல்லாம் ஈர நாற்றம். மூன்றாம் நாள் மத்தியானம், அம்மா முகம் கழுவ எழுந்துபோன நேரத்தில், என் மடியில் இருந்தபடியே அவன் போய்விட்டான். எனக்கு அது தெரியவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன்.

அப்புச்சி ஓடைக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர், அதனால் வந்துவிட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். கொடியை அவரே அவிழ்த்தார். பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மறுவருஷம் நாங்கள் திருப்பூருக்கே குடிவந்துவிட்டோம். மண்ணரையில் லைன் வீடு. அம்மா பனியனில் பிசிறு வெட்டப் போனாள். நான் பதினான்கு வயதில் செக்கிங் டேபிளுக்குப் போனேன். வாழ்க்கை எல்லாருக்கும் போல ஓடியது. ஆனால் எந்தக் கல்யாணம், எந்தச் சீர் என்றாலும், தம்பி பேச்சு வந்தால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "இவ கொடிய அவுத்துப்போட்டா. அதோட போச்சு எம்பட பையன்." கோபமாகச் சொல்ல மாட்டாள். மழை வந்தது, ஓடை வந்தது என்பது போலச் சொல்வாள். கேட்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் சாப்பாட்டு இலையைப் பார்ப்பேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்கும் கல்யாணமான பிறகும் இது நிற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல். பதில் என்னிடம் இருந்தது. உருண்டையைப் பாதி தின்றவளுக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

போன வருஷம் என் மகளின் குழந்தையை எடை போட அங்கன்வாடிக்குத் தூக்கிப்போனேன். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மாவையும் கூட்டிப்போனேன். இப்போது தொங்கும் தராசெல்லாம் இல்லை. நம்பர் காட்டும் மிஷின், அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பெண் அதைப் போனில் ஏற்றிக்கொள்கிறாள். எங்களுக்கு முன்னால் ஒரு ஒடிசாக்காரப் பெண், தன் பிள்ளையின் சட்டையையும் கால் கொலுசையும் கழற்றி, இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த கனத்த தாயத்தையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சாமி, இடுப்புல இருக்கறதக் கூடவா அவுக்கோணும்?" என்று அம்மா அந்த அங்கன்வாடிப் பெண்ணிடம் கேட்டாள்.

"கனமா இருந்தா அவுத்துறணுமுங்க பாட்டி. அதோட நிறுத்தா புள்ள நல்லா இருக்கற மாதிரியே காட்டும். உள்ளுக்குள்ள எளைச்சுக்கிட்டே போகும், நமக்குத் தெரியாது. அப்பறம் சளி, பேதின்னு சின்னதா ஒண்ணு வந்தாலும் தாங்காதுங்க."

அவள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, நான் சோறு போடும்போது அம்மா கேட்டாள்.

"ஏங்கண்ணு, அன்னைக்கு நீ கழட்டிப்போட்டு நிறுத்தது… அதுதான் அவன் நெசமான எடையா?"

எத்தனை வருஷமாக நான் தயாராக வைத்திருந்த பதில். அவள் கை சோற்றின் மேல் அப்படியே நின்றது. எழுபத்தைந்து வயதுக் கை, அந்தக் காலத்தில் களிச்சட்டி சுரண்டிய கை.

"அந்தத் தராசே சரியில்லாததும்மா" என்றேன். "ஓட்டைத் தராசு. அதைய நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது. அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான்."

"ம்" என்றாள். சோற்றைப் பிசைந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அப்பா வழியில் எனக்கு அத்தை முறை ஆகிற ஒருத்தி அம்மாவைப் பார்க்க வந்தாள். பழைய பேச்சு எடுத்தால் நிறுத்தத் தெரியாதவள். ஒன்று தொட்டு ஒன்றாகத் தம்பியிடம் வந்து, என்னைப் பார்த்து வழக்கம்போல ஆரம்பித்தாள். "என்ன இருந்தாலும் நீ அன்னைக்கு அந்தக் கொடிய அவுத்திருக்கப்படாது கண்ணு."

நான் டம்ளர்களை எடுக்கிற சாக்கில் எழுந்தேன்.

"அவள ஒண்ணும் சொல்லாத" என்றாள் அம்மா. "அவ செரியாத்தான் அவுத்தா. நாந்தான் திருப்பிக் கட்டிப்போட்டன்."

நாற்பது வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அது வந்தபோது எனக்கு வேண்டாமாக இருந்தது. அம்மா, அப்படிச் சொல்லாதேம்மா என்று அடுப்படியில் நின்று அழுதேன்.